மார்பக இழையத்தில் ஈஆர் பீட்டா: எந்தப் பிறபொருளெதிரியை நம்புவது?

கேள்வி: பொரளை மாணவி

வணக்கம். கொழும்பில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆய்வொன்றைத் தொடங்கியிருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களின் இழையங்கள் பரபின் மெழுகுக் கட்டிகளாகச் சேமிப்பில் உள்ளன. நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதியும் கிடைத்துவிட்டது. அவற்றிலிருந்து மெல்லிய வெட்டுமுகங்களை எடுத்து, ஈஸ்ட்ரஜன் ஏற்பி பீட்டா, சுருக்கமாக ஈஆர் பீட்டா, எனப்படும் புரதம் எவற்றில் உண்டு, எவற்றில் இல்லை என்பதை, குறித்த புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி (அன்டிபொடி) கொண்டு சாயமிடல் மூலம் கண்டறிந்து, அந்த முடிவை நோயாளிகளின் பிந்திய நிலையுடன் ஒப்பிடுவதே திட்டம்.

இந்தப் புரதம் ஈஸ்ட்ரஜன் ஓமோனைப் பற்றிக்கொண்டு, கலக் கருவிலுள்ள டிஎன்ஏயின் குறித்த இடங்களில் இணைந்து, பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ஒரு பிரதியாக்கக் காரணி. ஆகவே நிறம் பெரும்பாலும் கருவிலேயே தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் உள்ளூர் முகவர் ஒருவர் ஊடாகப் பெற்ற, முயலில் தயாரிக்கப்பட்ட பொலிகுளோனல் (பல வகைப் பிறபொருளெதிரிகளின் கலவையான) பிறபொருளெதிரியைக் கொண்டு முன்னோட்டமாகச் சில வெட்டுமுகங்களைச் சாயமிட்டபோது, புற்றுநோய்க் கலங்களில் கருவும் அதைச் சூழ்ந்த குழியவுருவும் ஒருசேரக் கபில நிறமாயின. பக்கத்திலுள்ள இணைப்பிழையக் கலங்களும் குருதிக்கலன்களின் உட்சுவரும்கூட நிறம் பிடித்திருந்தன. ஒப்பீட்டுக்காக வைத்த விதை (ஆணின் விந்துச் சுரப்பி) இழையத்திலும் ஏறக்குறைய அதே தோற்றம்தான். எந்தக் கலத்தில் உண்டு, எதில் இல்லை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உற்பத்தியாளர் தந்த பெப்தைட்டுடன் (பிறபொருளெதிரி பற்ற வேண்டிய சிறு புரதத் துண்டுடன்) பிறபொருளெதிரியை முன்கூட்டியே கலந்து வைத்துச் சாயமிட்டால் நிறம் முற்றாக மறைந்துவிடுகிறது. இதைக் காட்டி, பிறபொருளெதிரி சரியானதே என்றும், இதே பொருளைப் பயன்படுத்திய கட்டுரைகள் ஏராளமாக உள்ளன என்றும் எங்கள் ஆய்வுகூடத்தில் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா? இல்லையென்றால் எதை வாங்குவது? அது உண்மையிலேயே ஈஆர் பீட்டாவைத்தான் காட்டுகிறது என்பதை, கொழும்பில் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய வசதிகளைக் கொண்டு எவ்வாறு உறுதிப்படுத்துவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் பேருதவியாக இருக்கும்.


பதில்: நுணுக்குக்காட்டி

அன்பின் மாணவிக்கு, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. நான் இழையநோயியலில் இருப்பவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெப்தைட்டுச் சோதனை. பிறபொருளெதிரியின் பற்றும் இடத்தைப் பெப்தைட்டு அடைத்துவிட்டால், அது பிறகு எதையும் பற்றாது. உரிய புரதத்தையும் பற்றாது, தவறுதலாகப் பற்றிக்கொண்டிருந்த வேறு புரதங்களையும் பற்றாது. ஆகவே நிறம் மறைந்தது என்பதிலிருந்து, அந்த நிறம் பிறபொருளெதிரியின் பற்றும் இடத்தால் வந்தது என்று மட்டுமே சொல்லலாம். அது எதைப் பற்றியிருந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தரவுத்தாள்களில் இன்றும் இந்தச் சோதனையின் படத்தைப் பெருமையாகப் போடுகிறார்கள். பார்ப்பவர்கள் ஏமாந்துபோவதில் வியப்பில்லை.

அடுத்தது, நீங்கள் தேர்ந்தெடுத்த புரதத்தின் வரலாறு. ஈஆர் பீட்டா 1996ஆம் ஆண்டு சுவீடனில் யான் ஓகே குஸ்தாவ்சனின் குழுவினரால் எலியின் புரஸ்தச் சுரப்பியிலிருந்து இனங்காணப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே அறியப்பட்டிருந்த ஈஆர் அல்பாவுடன் இது நெருங்கிய உறவுடையது. டிஎன்ஏயுடன் இணையும் பகுதியில் இரண்டும் 95 சதவீதத்துக்கு மேல் ஒத்திருக்கின்றன. அல்பாவைத் தடுக்கும் தமொக்சிபென் என்னும் மருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் எவ்வளவு பயன் தந்தது என்பதைக் கண்டிருந்தவர்கள், பீட்டாவிலிருந்தும் அதுபோன்ற ஒன்று கிடைக்கும் என்று நம்பியதில் தவறில்லை. மார்பக இழையத்தில் பீட்டா உண்டு என்று கட்டுரைகள் குவிந்தன. ஆனால் ஒரு கட்டுரை அது நல்ல அறிகுறி என்றது. இன்னொன்று கெட்ட அறிகுறி என்றது. வேறொன்று தொடர்பே இல்லை என்றது. இருபது ஆண்டுகள் கழிந்தும் சிகிச்சைக்கு உதவும் முடிவு எதுவும் வரவில்லை.

2017இல் நேச்சர் கொமியூனிகேஷன்ஸ் இதழில் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையைத் தாங்கள் அவசியம் வாசிக்க வேண்டும். ஈஆர் பீட்டாவுக்கு என்று விற்கப்பட்ட 13 பிறபொருளெதிரிகளை எடுத்து, அந்தப் புரதம் உண்டு என்றும் இல்லை என்றும் முன்பே உறுதியாகத் தெரிந்த மாதிரிகளில் அவர்கள் சோதித்தார்கள். இழையச் சாயமிடலில் அப்புரதத்தை மட்டும் குறிப்பாகக் காட்டியது ஒன்றே ஒன்று: பிபிஇசட்0506 என்னும் மொனோகுளோனல் பிறபொருளெதிரி, அதாவது ஒரே கல வழியிலிருந்து (குளோன்) பெறப்பட்ட ஒரே வகைப் பிறபொருளெதிரி. அதுவும் அதுவரை அரிதாகவே பயன்படுத்தப்பட்டது. அதனைக் கொண்டு 44 வகை இயல்பான இழையங்களையும் 21 வகைப் புற்றுநோய்களையும் பார்த்தபோது விதை, சூலகம், நிணநீர்க் கலங்கள், சூலகத்தின் கிரனுலோசா கலக் கட்டிகள் (முட்டையைச் சூழ்ந்திருக்கும் கலங்களில் தோன்றுபவை), மெலனோமாவிலும் தைரொயிட்டுப் புற்றுநோயிலும் ஒரு பகுதி ஆகியவற்றில் ஈஆர் பீட்டா தென்பட்டது. இயல்பான மார்பகத்திலும் இல்லை. மார்பகப் புற்றுநோயிலும் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை: கையிலிருக்கும் பொலிகுளோனலை வைத்து ஆய்வைத் தொடர வேண்டாம், பிபிஇசட்0506ஐ வாங்குங்கள். ஆனால் அதை வாங்கினால் உங்கள் வெட்டுமுகங்கள் அனைத்திலும் நிறமே வராமல் போகும் வாய்ப்பு மிக அதிகம் என்பதை மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நிறம் வராத வெட்டுமுகங்களை நோயாளிகளின் பிந்திய நிலையுடன் ஒப்பிட எதுவுமில்லை.

நிறம் கருவில் விழுந்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் வேண்டாம். கருவுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ளன. மறுபக்கமாக, குழியவுருவில் விழும் நிறம் பெரும்பாலும் ஏதோ ஒரு தவறான பற்றுதலைக் காட்டும். எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. நுரையீரல், தைரொயிட்டுக் கட்டிகளை இனங்காணப் பயன்படும் டிடிஎஃப்-1 என்ற பிரதியாக்கக் காரணிக்கான 8ஜி7ஜி3/1 என்னும் குளோன், ஈரல் கலங்களின் குழியவுருவைத் துகள்துகளாக நிறமாக்கும். ஈரலில் டிடிஎஃப்-1 இல்லை. அது வேறொரு புரதத்துடன் ஏற்படும் குறுக்குப் பற்றுதல். நோயியலாளர்கள் அதைத் தெரிந்துகொண்டு, ஈரல் கலம் என்பதற்கான தடயமாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். தெரிந்த தவறு பயன்படும். தெரியாத தவறு கட்டுரையாக வெளிவந்துவிடும்.

இதை வாசிக்கும் நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் ஒரு குறிப்பு. மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஈஆர் என்று எழுதப்படுவது ஈஆர் அல்பா. அதற்கான எஸ்பி1, 6எஃப்11 போன்ற குளோன்கள் பல ஆண்டுகளாக உலகெங்கும் சோதிக்கப்பட்டவை. 1 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட புற்றுநோய்க் கருக்கள் நிறம் பிடித்தால் நேர் என்றும், 1 முதல் 10 சதவீதம் வரையானதைக் குறைந்த நேர் என்றும் அறிக்கையிடும் நடைமுறை அதற்குரியது. இங்கே நாம் பேசும் சிக்கல் அந்த அறிக்கைகளை எந்த வகையிலும் பாதிக்காது.


பதில்: பழைய வாட்டு வைத்தியர்

நுணுக்குக்காட்டி அவர்களின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் ஒரே ஒரு கட்டுரையை வைத்து இருபது ஆண்டுகால ஆய்வுகளை ஒதுக்கிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல நாடுகளில், பல ஆய்வுகூடங்களில், ஒருவரையொருவர் அறியாதவர்கள் மார்பகத்தில் ஈஆர் பீட்டாவைக் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் தவறு செய்தார்களா? சில ஆய்வுகளில் நிறத்தின் அளவுக்கும் நோயாளி உயிர்வாழ்ந்த காலத்துக்கும் தொடர்பு இருந்தது. வெறும் தவறான பற்றுதலாக இருந்திருந்தால் அப்படித் தொடர்பு வந்திருக்குமா?

இன்னொன்று. ஈஆர் பீட்டா ஒரே வடிவில் இருப்பதில்லை. பீட்டா1, பீட்டா2, பீட்டா5 என்று பல வடிவங்கள் உண்டு என வாசித்திருக்கிறேன். பிபிஇசட்0506 அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தவறவிட்டிருக்கலாம் அல்லவா? மாணவி ஒருவரின் பல மாத உழைப்பு இதில் தங்கியிருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு எதையும் கைவிடச் சொல்ல வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.


பதில்: வெள்ளவத்தை வாசி

வைத்தியர் ஐயா எழுப்பிய மூன்று கேள்விகளும் எழ வேண்டியவையே; மூலக்கூற்று உயிரியல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பல ஆய்வுகூடங்கள் ஒரே முடிவைக் கண்டன என்றால், அவை ஒன்றையொன்று சாராமல் கண்டிருக்க வேண்டும். ஆனால் சந்தையிலிருந்த ஒரு சில பிறபொருளெதிரிகளையே எல்லோரும் வாங்கினார்கள். பிழையான நிறைகல்லை ஊரிலுள்ள கடைகள் எல்லாம் வைத்திருந்தால் எல்லாக் கடையிலும் நிறை ஒன்றாகத்தான் இருக்கும். அதுமட்டுமன்றி, அந்த முடிவுகள் தமக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதை மேலே நுணுக்குக்காட்டி குறிப்பிட்டிருக்கிறார். பிறபொருளெதிரி மாறும்போது விடையும் மாறியது என்பது எனக்கு அதைவிடப் பெரிய சான்றாகத் தோன்றுகிறது.

உயிர்வாழும் காலத்துடன் தொடர்பு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தவறான பற்றுதல் என்றால் ஒழுங்கற்ற பற்றுதல் என்று பொருளில்லை. பிறபொருளெதிரி பற்றிக்கொள்வது வேறொரு புரதமாக இருந்து, அந்தப் புரதம் கலப்பிரிவுடனோ அழற்சியுடனோ தொடர்புடையதாக இருந்தால், நிறத்தின் அளவு நோயின் போக்குடன் நன்றாகவே பொருந்தும். அந்தப் பொருத்தம் உண்மையானது. அதற்கு ஈஆர் பீட்டா என்று பெயர் வைத்ததுதான் பிழை.

வடிவங்களைப் பற்றிய கேள்வி மிக நல்லது. அதற்கு விடையும் உண்டு. பீட்டா1, பீட்டா2, பீட்டா5 ஆகியவை வேறுபடுவது புரதத்தின் இறுதிப் பகுதியில், அதாவது கார்பொட்சில் முனையில். பிபிஇசட்0506 பற்றுவதோ இவ்வடிவங்கள் அனைத்துக்கும் பொதுவான அமினோ முனையில். ஆகவே அது இவ்வடிவங்களில் ஒன்றை மட்டும் பார்க்க வாய்ப்பில்லை; இருந்தால் எல்லாவற்றையும் பார்க்கும். அல்பாவும் பீட்டாவும் மிகக் குறைவாக ஒத்திருக்கும் பகுதியும் அமினோ முனைதான் என்பதால், அல்பாவை அது பீட்டா என்று எண்ணிப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு. பீட்டா1இன் இறுதிப் பகுதிக்கு எதிராகத் தயாரிக்கப்பட்ட குளோன்களுக்குத்தான் வைத்தியர் ஐயாவின் ஆட்சேபம் பொருந்தும்.

அந்த 2017 கட்டுரையை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்பதில் ஐயாவுடன் உடன்படுகிறேன். அதன் முடிவை ஏற்காத ஆய்வாளர்கள் இன்றும் உள்ளனர். சாயமிடலில் தென்படாத அளவுக்குச் சிறிதளவு புரதம் இருக்கலாம் என்ற வாய்ப்பையும் முற்றாக ஒதுக்க முடியாது. ஆனால் அக்கட்டுரையின் வலிமை ஒரு பிறபொருளெதிரியில் தங்கியிருக்கவில்லை. ஈஆர் பீட்டாவுக்குரிய ஈஎஸ்ஆர்2 என்னும் பரம்பரையலகிலிருந்து படியெடுக்கப்படும் தூது ஆர்என்ஏ எந்த இழையத்தில் எவ்வளவு என்பதற்கான தரவுகளுடன் பிபிஇசட்0506இன் கோலம் ஒத்துப்போனது. புரதத்தைப் பிறபொருளெதிரியாலும், அதன் தூது ஆர்என்ஏயைப் பிறபொருளெதிரியே தேவைப்படாத முறையாலும் அளந்து, இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டினால் அப்போது நம்பிக்கை வரும். சுவீடனில் 2003இல் தொடங்கிய மனிதப் புரத வரைபடத் திட்டத்தின் இணையத்தளத்தில் இத்தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவி இன்றிரவே வீட்டிலிருந்து ஈஎஸ்ஆர்2 என்று தேடிப் பார்க்கலாம். ஐந்து சதமும் செலவில்லை.

2016இல் பன்னாட்டுக் குழு ஒன்று பிறபொருளெதிரிகளை உறுதிப்படுத்த ஐந்து வழிகளை முன்மொழிந்தது. பரம்பரையலகை நீக்கி அல்லது ஒடுக்கி நிறம் மறைகிறதா எனப் பார்த்தல். ஆர்என்ஏ போன்ற பிறபொருளெதிரி சாராத அளவீட்டுடன் ஒப்பிடல். அதே புரதத்தின் வேறு பகுதியைப் பற்றும் இரண்டாவது பிறபொருளெதிரியுடன் ஒப்பிடல். அடையாளக்குறி இணைத்த புரதத்தைக் கலத்தில் ஆக்குவித்துப் பார்த்தல். பிறபொருளெதிரி பிடித்தெடுத்த புரதம் எது என்பதைத் திணிவு நிறமாலையால் அறிதல். ஐந்தும் எல்லோராலும் செய்ய முடியாது. ஒவ்வொரு சூழலுக்கும் பொருத்தமான ஒன்றையாவது செய்ய வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. ஈஆர் பீட்டாவைப் பொறுத்தவரை ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கல வரிசைகள் பெரும்பாலானவற்றில் அது மிகக் குறைவு என்பதால், நீக்கிப் பார்ப்பதைவிடச் சேர்த்துப் பார்ப்பதே வசதியானது. ஈஎஸ்ஆர்2 பரம்பரையலகை உட்செலுத்திய கலங்களையும் உட்செலுத்தாத அதே கலங்களையும் திரட்டி, போமலினில் இட்டு, இழையத்தைப் போலவே பரபினில் பதித்துக்கொண்டால், சாயமிடும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சோடி மாதிரி நிரந்தரமாகக் கையில் இருக்கும். கல வளர்ப்பு வசதியுள்ள ஆய்வுகூடங்கள் கொழும்பிலேயே உள்ளன; மேற்பார்வையாளர் ஊடாகக் கேட்டால் இணைந்து செய்யலாம்.

புரதங்களைப் பருமன்படி பிரித்துப் பிறபொருளெதிரியால் காட்டும் வெஸ்டர்ன் புளொட்டில் 59 கிலோடால்ட்டன் அளவில் ஒற்றைப் பட்டை வந்துவிட்டது என்று யாராவது காட்டினால், அது உட்செலுத்திய கலத்தில் எடுத்ததா, உண்மையான இழையத்தில் எடுத்ததா என்று கேளுங்கள். புரதம் மிதமிஞ்சியுள்ள கலத்தில் எந்தப் பிறபொருளெதிரியும் அழகாகத் தெரியும். அதைவிட, புளொட்டில் விரிந்து கிடக்கும் புரதமும், போமலினால் குறுக்குப் பிணைப்பு ஏற்பட்டு மெழுகுக்குள் இருக்கும் புரதமும் பிறபொருளெதிரிக்கு ஒன்றல்ல. ஒன்றில் தேறியது மற்றதில் தேறும் என்று எண்ண வேண்டாம்.


பதில்: மெழுகுக்கட்டி

மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில் செய்முறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சியின் கேள்வியை வாசித்தபோது, குழியவுருவில் நிறம் என்றதும் இழையத்திலேயே உள்ள பயோட்டின் என்னும் உயிர்ச்சத்துதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அவிடின், பயோட்டின் முறையிலான சாயமிடல் தொகுதிகளைப் பயன்படுத்தும்போது, அதிலும் வெட்டுமுகத்தை வெப்பப்படுத்திய பிறகு, இது அடிக்கடி நிகழும். ஆனால் பெப்தைட்டைச் சேர்த்ததும் நிறம் முற்றாக மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பயோட்டினோ, இழையத்திலுள்ள பெரொட்சிடேசு நொதியமோ காரணமாக இருந்திருந்தால் பெப்தைட்டு அதைத் தடுத்திருக்காது. ஆகவே அந்தச் சோதனை இந்த ஒரு விடயத்தில் உங்களுக்கு உதவியிருக்கிறது: பிழை தொகுதியில் இல்லை, பிறபொருளெதிரியில்தான். அப்படியிருந்தும் புதிய பிறபொருளெதிரிக்கு பயோட்டின் இல்லாத பொலிமர் முறைத் தொகுதியையே பயன்படுத்துங்கள்.

புரதம் உண்டு என்று தெரிந்த நேர் மாதிரிக்கு விதை இழையம் நல்லது. சூலகம் அதைவிட நல்லது என்பேன். ஆனால் மாதவிடாய் நின்றவர்களின் சூலகத்தில் முட்டை வளரும் நுண்புடைப்புகளைக் காண்பது அரிது என்பதால், இளவயதினரின் சூலகத்தில் வளரும் நுண்புடைப்பு உள்ள கட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கிரனுலோசா கலங்கள் நிறம் பிடிப்பதைச் சுற்றியுள்ள கலங்களுடன் ஒரே பார்வைப்புலத்தில் ஒப்பிடலாம். நிணநீர்க் கலங்களுக்கு டொன்சில் போதும். எந்த வைத்தியசாலையின் சேமிப்பிலும் இருக்கும். இவற்றையும் பயன்படுத்த அனுமதி உள்ளதா என்பதை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் மறவாமல் சரிபாருங்கள். மார்பக இழையத்துக்கு மட்டும் பெற்ற அனுமதி இவற்றுக்குச் செல்லாது.

எதிர் மாதிரிகளில் இரண்டைத் தவறவிடாதீர்கள். முதற் பிறபொருளெதிரி இல்லாமல் மற்ற எல்லாப் படிகளையும் செய்த ஒரு வெட்டுமுகம் வேண்டும். எலியில் தயாரிக்கப்பட்ட, எந்த மனிதப் புரதத்தையும் பற்றாத அதே வகைப் பிறபொருளெதிரியை அதே செறிவில் இட்ட இன்னொன்றும் வேண்டும். செறிவை உற்பத்தியாளர் சொன்னபடி அப்படியே எடுத்துக்கொள்ளாமல், படிப்படியாக ஐதாக்கி, கிரனுலோசா கலங்களில் நிறம் தெளிவாக நிற்கவும் பின்னணி வெளுக்கவும் உள்ள அளவைக் கண்டுபிடியுங்கள். வெப்பப்படுத்தும் தாங்கற் கரைசலையும் அமிலகார எண் 6 உடைய சித்திரேற்று, 9 உடைய திரிசு ஈடிடிஏ ஆகிய இரண்டிலும் சோதித்துவிட்டே முடிவு செய்யுங்கள். தேர்வை எப்போதும் நேர், எதிர் மாதிரிகளை வைத்தே செய்ய வேண்டும். மார்பக இழையத்தில் எது அழகாக நிறம் தருகிறது என்று பார்த்துத் தேர்ந்தால் வேண்டிய விடையை நாமே வரவழைத்ததாகிவிடும்.

பழைய கட்டிகளைப் பற்றி ஒரு கவலை. மார்பக இழையத்தை வெட்டியெடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் 10 சதவீத நடுநிலைத் தாங்கற் போமலினில் இட்டு, 6 முதல் 72 மணித்தியாலம் வரை வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. வாரவிறுதியில் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வந்த மாதிரிகள் அனைத்திலும் இது காக்கப்பட்டிருக்கும் என்று யாரும் உறுதி கூற மாட்டார்கள். ஒரு கட்டியில் ஈஆர் பீட்டா தென்படவில்லை என்றால், புரதம் இல்லாததாலா, இழையம் கெட்டதாலா என்று எப்படி அறிவது? அதே கட்டியிலிருந்து அடுத்த வெட்டுமுகத்தை ஈஆர் அல்பாவுக்குச் சாயமிடுங்கள். புற்றுநோயின் ஓரத்தில் அகப்பட்டிருக்கும் இயல்பான பாற்கான்களில் சில கலங்களாவது அல்பாவுக்கு நிறம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அந்தக் கட்டியை ஆய்விலிருந்து விலக்கிவிடுங்கள்.

வெட்டிய ஸ்லைட்டுகளை அடுக்கி வைத்துப் பல மாதங்களுக்குப் பிறகு சாயமிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வெட்டுமுகத்தில் புரதம் சிதைவதற்கு ஈரம் ஒரு முக்கிய காரணம். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. தேவைக்கு ஏற்ப அன்றன்று வெட்டுங்கள். முன்கூட்டி வெட்டியே ஆக வேண்டும் என்றால் உலர்த்தியுடன் காற்றுப் புகாத பெட்டியில் இட்டு, குளிரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் அறை வெப்பநிலைக்கு வரும் வரை பெட்டியைத் திறக்க வேண்டாம். திறந்தால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் படிந்து, காத்ததெல்லாம் வீணாகிவிடும்.


பதில்: பொரளை மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மேற்பார்வையாளரிடம் இந்தப் பதில்களைக் காட்டிப் பேசினேன். அவர் முதலில் தயங்கினாலும், ஈஎஸ்ஆர்2இன் ஆர்என்ஏ தரவுகளைத் திரையில் பார்த்த பிறகு திட்டத்தை மாற்ற இணங்கினார். முதற்கட்டமாக, எங்களிடம் உள்ள பொலிகுளோனலையும் பிபிஇசட்0506ஐயும் விதை, சூலகம், டொன்சில், மார்பகம் ஆகியவற்றில் ஒரே நாளில், ஒரே முறையில் சாயமிட்டு ஒப்பிடப் போகிறோம். மார்பகத்தில் பிபிஇசட்0506 எதையும் காட்டாவிட்டால், நுணுக்குக்காட்டி ஐயா குறிப்பிட்ட கிரனுலோசா கலக் கட்டிகளை நோக்கி ஆய்வைத் திருப்பலாம் என்று சொல்கிறார். அக்கட்டிகள் அரிதானவை என்பதால் ஒரே வைத்தியசாலையின் சேமிப்பு போதாது. அதற்கான அனுமதிகளைத் தனியாகப் பெற வேண்டியிருக்கும். மார்பக முடிவை, எதிர்மறையாக இருந்தாலும், ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதச் சொல்லியிருக்கிறார்.

இப்போது எஞ்சியிருப்பது கொள்வனவு. எங்கள் நிறுவனத்தில் விலைமனுக்களைக் கோரி, குறைந்த விலை கொடுத்தவரிடம் வாங்குவதே வழக்கம். ஈஆர் பீட்டாப் பிறபொருளெதிரி என்று எழுதினால் மீண்டும் ஏதாவது ஒரு பொலிகுளோனல் வந்து சேரும் என்று அஞ்சுகிறேன். கோரிக்கையை எவ்வாறு எழுத வேண்டும்?


பதில்: மெழுகுக்கட்டி

தங்கச்சி, இந்த அச்சம் நியாயமானது. குறைந்த விலைக்கு வந்த வேறு குளோனை வேண்டாம் என்று திருப்பியனுப்ப முடியாமல் தவித்த ஆய்வுகூடங்களை நான் அறிவேன்.

விவரக்குறிப்பில் புரதத்தின் பெயரை மட்டும் எழுதாமல், குளோனின் பெயர், எந்த விலங்கில் தயாரிக்கப்பட்டது, உற்பத்தியாளரின் பட்டியல் இலக்கம், போமலினிட்ட பரபின் இழையத்தில் சாயமிடுவதற்கு உரியது என்பது ஆகிய அனைத்தையும் எழுதுங்கள். வேறு குளோன் ஏற்கப்படாது என்று ஒரு வரி சேர்த்து, அதற்கான காரணமாக 2017 கட்டுரையின் பிரதியை இணையுங்கள். கொள்வனவுக் குழுவிலுள்ளவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். எழுத்தில் காரணம் இருந்தால்தான் கணக்காய்வில் அவர்களால் விடை சொல்ல முடியும். உற்பத்தித் தொகுதி இலக்கம் விநியோகச் சீட்டில் குறிக்கப்பட வேண்டும் என்றும், கையளிக்கும் நாளில் காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். தொகுதி இலக்கத்தை ஆய்வேட்டிலும் எழுத வேண்டியிருக்கும். கூடியவரை மிகச் சிறிய அளவைக் கேளுங்கள். ஆய்வுக்கு வேண்டியது நுண்லீற்றர் கணக்கில்தான்.

2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது இவ்வகைப் பொருட்கள் எத்தனை நாள் தாமதமாகின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது நிலைமை தேறியிருந்தாலும், பொதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் நாளை முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரைப் புத்தாண்டு, வெசாக் போன்ற நீண்ட விடுமுறைக்கு முன்னைய நாளில் இறங்கினால், பனிப்பொதி உருகிய பிறகே சுங்கத்திலிருந்து வெளிவரும். வந்ததும் பெட்டியைத் திறந்து, உள்ளே குளிர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். உறையவைக்கச் சொல்லியிருந்தால் சிறு குழாய்களில் பிரித்து ஒரு தடவை மட்டும் உறையவையுங்கள். தானாகப் பனி நீக்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒருபோதும் வைக்க வேண்டாம், அதில் வெப்பநிலை அடிக்கடி ஏறி இறங்கும். 4 பாகையில் வைக்கச் சொல்லியிருந்தால் அப்படியே வைத்து, குழாயின் மேல் திறந்த திகதியை எழுதுங்கள். மின்தடையின்போது பிறப்பாக்கி இயங்கும் அறையிலுள்ள பெட்டி எது என்பதையும் முதலிலேயே விசாரித்து வையுங்கள்.